போக்கர் மேசையில் எதிராளியைக் கவனிப்பது எப்படி: புதிதாக ஆடுபவர்களுக்கான செய்முறை

டெக்சஸ் ஹோல்டெம் என்னும் போக்கர் சீட்டாட்ட வகையின் விதிகளைக் கற்று முடித்தவர்கள் அடுத்ததாகத் தெரிந்துகொள்ள விரும்புவது, எதிரே இருப்பவர் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்பதை அவருடைய நடத்தையிலிருந்து ஊகிக்கும் வழியைத்தான். பெரும்பாலோர் முகத்தை உற்றுப் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். ஆனால் எவரும் முதலில் கட்டுப்படுத்தப் பழகுவது தம் முகத்தைத்தான். 2009-ஆம் ஆண்டு வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் போட்டியின் காணொளித் துண்டுகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், சிப்புகளை (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளை) நகர்த்தும் கையசைவை மட்டும் பார்த்தவர்கள் சீட்டின் தரத்தை ஓரளவு சரியாக ஊகித்தார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களால் அது முடியவில்லை. ஆகவே கீழே சொல்லப்படும் வரிசையில் முகபாவத்துக்குத் தனியிடம் தரப்படவில்லை.

படி 1: ஒவ்வொருவரின் இயல்பையும் முதலில் பதிந்துகொள்ளுங்கள்

உட்கார்ந்தவுடன் யாரையும் எடைபோட வேண்டாம். நீங்கள் சீட்டைப் போட்டுவிட்டு விலகியிருக்கும் நேரமே கவனிப்பதற்கு ஏற்ற நேரம்; அப்போது உங்கள் சிப்பு எதுவும் ‘பாட்’ எனப்படும் நடுவில் குவியும் பந்தயத் தொகையில் இல்லாததால் பதற்றமின்றிப் பார்க்க முடியும். பெரிய விஷயம் எதுவும் நடக்காத ஆட்டங்களில் ஒருவர் எப்படி உட்காருகிறார், எவ்வளவு பேசுகிறார், சிப்பை வீசுகிறாரா அடுக்கி வைக்கிறாரா, முடிவெடுக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பவற்றைப் பாருங்கள். கை நடுங்குவது எப்போதும் நடுங்கும் ஒருவரிடம் எந்தச் செய்தியையும் தருவதில்லை. அதுவரை உறுதியாக இருந்த கை திடீரென நடுங்கினால்தான் அது செய்தி. அந்தச் செய்தியும் புதியவர்கள் நினைப்பதற்கு நேர்மாறானது. பொய்யாகப் பெட் (பந்தயம்) கட்டுபவர் பெரும்பாலும் உடலை இறுக்கி அசையாமல் இருக்கிறார்; மிக வலுவான சீட்டு அமைந்தவருக்கே கிளர்ச்சியால் கை நடுங்குகிறது.

படி 2: பெட் கட்டும் விதத்தைப் படியுங்கள்

உடலசைவைவிட நம்பகமான சான்று இதுதான் என்பதால் உங்கள் கவனத்தின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்குங்கள். ஒருவர் பத்து ஆட்டங்களில் எத்தனை முறை சிப்பு போட்டு உள்ளே வருகிறார் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டு முறை மட்டும் வருபவர் ரெய்ஸ் செய்தால் (பந்தயத்தை உயர்த்தினால்) அதை மதித்து விலகலாம்; ஆறேழு முறை வருபவரின் ரெய்ஸுக்கு அந்த மதிப்பு இல்லை. அடுத்து, வெறும் ‘கால்’ மட்டுமே செய்து (பிறர் கட்டிய பெட்டுக்கு ஈடாக மட்டும் போட்டு) வந்த அமைதியான ஆட்டக்காரர் கடைசிச் சீட்டு விழுந்த பிறகு திடீரென ரெய்ஸ் செய்தால், அவரிடம் மிக வலுவான சீட்டு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பழக்கமில்லாத ஆட்டக்காரர்கள் பலர் நல்ல சீட்டுக்குப் பெரிய பெட்டும் சுமாரான சீட்டுக்குச் சிறிய பெட்டும் கட்டுகிறார்கள். இந்த வழக்கம் ஒருவரிடம் இருக்கிறதா என்பது சீட்டுகளைத் திறந்து காட்டும்போது தெரிந்துவிடும்.

படி 3: நேரத்தைக் கணக்கில் கொள்ளுங்கள்

நீங்கள் பெட் கட்டிய கணமே ஒருவர் கால் செய்தால், அவரிடம் நடுத்தரமான சீட்டோ, நிறைவடையக் காத்திருக்கும் சீட்டோ இருக்க வாய்ப்பு அதிகம். வலுவான சீட்டு இருந்திருந்தால் ரெய்ஸ் செய்யலாமா என்று சிறிது யோசித்திருப்பார். மோசமான சீட்டாக இருந்திருந்தால் விலகலாமா என்று யோசித்திருப்பார்.

படி 4: சீட்டு விழும் நொடியில் கண்களைப் பாருங்கள்

நடுவில் மூன்று பொதுச் சீட்டுகள் திறக்கப்படும்போது அவற்றைப் பார்க்காதீர்கள். அவை எங்கும் போய்விடுவதில்லை. எதிராளியின் பார்வை எங்கே செல்கிறது என்று பாருங்கள். தமக்குச் சாதகமான சீட்டு விழுந்ததும் பலர் ஒரு கணம் தம் சிப்புகளைப் பார்த்துவிட்டு, ஆர்வமற்றவர்போல் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். நீண்ட நேரம் பொதுச் சீட்டுகளையே வெறித்துப் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் எதுவும் அமைந்திருக்காது.

இதை ஓர் ஆட்டத்தில் பொருத்திப் பார்ப்போம். உங்களிடம் கிளாவர் ஏஸும் ஸ்பேட் பத்தும் உள்ளன. நடுவில் பத்து, ஆறு, இரண்டு என மூன்று சீட்டுகளும் ஆட்டினாகவே விழுகின்றன. ‘பாட்’டில் 100 சிப்பு இருக்க, எதிராளி தம் இரண்டு சீட்டுகளையும் மறுபடி தூக்கிப் பார்த்துவிட்டு 50 சிப்பு பெட் கட்டுகிறார். அவரிடம் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) அமைந்துவிட்டதோ என்று அஞ்சி விலகத் தோன்றும். ஆனால் இரண்டும் ஆட்டினாக இருந்தால் அது பெரும்பாலும் நினைவில் இருக்கும். இரண்டு வேறு இனச் சீட்டு வைத்திருப்பவருக்குத்தான் அவற்றுள் ஒன்று ஆட்டினா என்ற ஐயம் எழுந்து திரும்பப் பார்க்கத் தோன்றும். அப்படி ஓர் ஆட்டின் மட்டும் இருந்தால், இனித் திறக்கப்படும் இரண்டு பொதுச் சீட்டுகளில் அவருக்கு ஃப்ளஷ் அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 35 சதவீதம்தான். நீங்களோ 150 சிப்பை வெல்வதற்கு 50 சிப்பு போடுகிறீர்கள். நான்கில் ஒரு முறை வென்றாலே நட்டமில்லை. எனவே கால் செய்வது சரியான முடிவு. கணக்கு வலுவாக எதிர்த்தால் எந்த உடலசைவையும் நம்பி அதை மீறக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரு பக்கமும் சமமாகத் தோன்றும் இடத்தில் மட்டுமே இத்தகைய குறிப்புகளுக்கு முடிவை மாற்றும் உரிமை உண்டு.

படி 5: இடப்பக்கம் இருப்பவர்களை மறக்காதீர்கள்

உங்களுக்குப் பின் ஆட வேண்டியவர்கள் உங்கள் இடப்பக்கம் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் முறை வருவதற்கு முன்பே சீட்டைப் பார்த்து, எறிவதற்குத் தயாராக விரலில் பிடித்திருப்பார்கள். அவர்கள் எல்லாரும் விலகப் போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்தால் சுமாரான சீட்டுடனும் துணிந்து ரெய்ஸ் செய்யலாம். இதே காரணத்தால் உங்கள் சீட்டை உங்கள் முறை வரும்வரை பார்க்காமலிருங்கள். எந்தச் சீட்டாயினும் ஒரே அளவு நேரம் எடுத்து, ஒரே விதமாகச் சிப்பை முன்னே நகர்த்துங்கள்.

படி 6: சீட்டுகள் திறக்கப்படும்போது சரிபாருங்கள்

ஆட்டத்தின் முடிவில் எதிராளி சீட்டைக் காட்டும்போது, அவர் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்தார் என்பதைப் பின்னோக்கி நினைவுகூருங்கள். வெற்றி பெற்றவர் யார் என்பதோடு கவனத்தை விட்டுவிடுபவர்கள் இந்த இடத்தில்தான் மிக அதிகமாக இழக்கிறார்கள். அன்றைய ஆட்டம் முடிந்ததும், எந்த இருக்கைக்காரர், எந்த அசைவு, எந்தச் சீட்டு என்று மூன்றையும் குறித்து வையுங்கள். சீட்டைக் காட்டாமல் எறிந்தவரைப் பற்றிய உங்கள் ஊகத்தை அந்தக் குறிப்பில் சேர்க்க வேண்டாம்.