பானெட், டிக்கிக் கதவு மாற்றுவது எப்படி? பெயிண்டுக்கு முன்னால் மாட்டிப் பாருங்கள்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை மரத்தடியில் காரை நிறுத்தக் கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் கல்யாண வீட்டுக்குப் போனால் நிழலைத் தேடித்தான் நிறுத்துகிறோம். ஒரே ஒரு காய் விழுந்தால் பானெட்டின் நடுவில் குழி. ஆடிக் காற்றில் வேப்பங்கிளை ஒடிந்து விழுவதும், அவிநாசி ரோடு சிக்னலில் பின்னால் வந்தவர் டிக்கியில் இடிப்பதும் நம் ஊரில் சாதாரணமாக நடப்பவை. அப்படி அடிபட்ட பானெட்டையோ டிக்கிக் கதவையோ மாற்றும் வேலையை முதல் முறை செய்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கழற்றுவதும் மாட்டுவதும் பெரிய விஷயமில்லை. நாலு போல்ட்தான். சரியாக உட்கார வைப்பதில்தான் வேலை முழுக்க இருக்கிறது. அதனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: புதுப் பானெட்டை ஒருமுறை வண்டியில் மாட்டிப் பார்த்து, கேப் (பக்கத்துத் தகட்டோடு வரும் இடைவெளி) சரிசெய்த பிறகுதான் பெயிண்டுக்கு அனுப்ப வேண்டும். பெயிண்ட் அடித்த பிறகு பொருந்தவில்லை என்றால் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார், நெம்பிச் சரிசெய்யவும் முடியாது.

மாற்றத்தான் வேண்டுமா?

மேல் தகடு மட்டும் குழிந்து, பெயிண்ட் உரியாமல் இருந்தால் நல்ல டிங்கரிடம் காட்டுங்கள். கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள், நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரி பாடி கட்டுகிறார்கள். தகடு வேலை தெரிந்த கைகளுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. பானெட்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே ஓடும் சட்டம் மடங்கியிருந்தாலோ, கீல் மாட்டும் இடத்தில் கிழிந்திருந்தாலோ, ஓரத்து மடிப்பு விரிந்து துரு ஏறியிருந்தாலோ மாற்றிவிடுவதே சரி. அந்தச் சட்டத்தில் வேண்டுமென்றே சில இடங்களைப் பலவீனமாகச் செய்திருப்பார்கள். முன்னால் மோதினால் பானெட் அங்கே மடிந்து மேலே எழும்ப வேண்டும், கண்ணாடியை நோக்கிப் பின்னால் போகக் கூடாது என்பதற்காக. அந்த இடத்தில் பட்டை வைத்து வெல்டிங் அடித்த பானெட்டை நான் எந்த வண்டிக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

முன்பக்கம் மோதிய வண்டி என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. இன்ச் டேப்பை எடுத்து, இடது கீலிலிருந்து வலது ஹெட்லைட் மூலைக்கும், வலது கீலிலிருந்து இடது ஹெட்லைட் மூலைக்கும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வரவில்லை என்றால் ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டமோ ஃபெண்டரோ (முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் பக்கத் தகடு) நகர்ந்திருக்கிறது. அதை நேராக்காமல் எவ்வளவு நல்ல பானெட் வாங்கினாலும் உட்காராது. ஏர்பேக் வெடித்திருந்தால் இந்த வேலையை வீட்டில் தொடவே வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் உண்டென்றால் ஸ்பேனரை எடுக்காதீர்கள்

க்ளெய்ம் போடும் எண்ணம் இருந்தால் முதலில் கம்பெனிக்குத் தகவல், அப்புறம் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர், அதன் பிறகுதான் கழற்றுவது. போட வேண்டுமா என்பதையும் கணக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள். சாதாரண பாலிசியில் வண்டியின் வயதைப் பார்த்து உலோகப் பாகத்தின் விலையில் தேய்மானம் கழிப்பார்கள். 2 வருடத்துக்கு மேல் 3 வரை 15 சதவீதம், 4-க்கு மேல் 5 வரை 35, 5-க்கு மேல் 10 வரை 40, அதற்கும் மேல் 50. க்ளெய்ம் போட்டால் நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும். அது முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லாமல் வந்தால் 50 ஆகியிருக்கும். பழைய வண்டி, ஒரே ஒரு பானெட் என்றால் கைக்காசு போட்டுச் செய்வதே பல நேரம் லாபம். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி என்றால் கணக்கு மாறும்.

எதை வாங்குவது

கம்பெனி பாகம், வெளி மார்க்கெட் பாகம், பழைய ஒரிஜினல் என்று மூன்று வழி. என் வரிசை: முதலில் கம்பெனி, அடுத்து பழைய ஒரிஜினல், கடைசியாகத்தான் வெளி மார்க்கெட் நகல். நகல் பானெட்டில் தகடு மெல்லியதாக இருக்கும், ஓர வளைவு ஃபெண்டரோடு ஒத்துப்போகாது. கோவை உக்கடத்தில் பழைய பாகக் கடைகளில் தேடினால் உங்கள் வண்டியின் நிறத்திலேயே கிடைக்கும் வாய்ப்பும் உண்டு. போகும்போது ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். இரும்பு பானெட் என்றால் மேலெல்லாம் ஒரே மாதிரி ஒட்ட வேண்டும். ஓரிடத்தில் பிடிப்பு குறைந்தால் பெயிண்டுக்குக் கீழே பட்டி (குழியை நிரப்பும் பசை) தடவியிருக்கிறார்கள் என்று பொருள். கம்பெனி பாகம் வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லாமல் 17 எழுத்து சேஸிஸ் நம்பரைக் கொடுங்கள். ஒரே பெயரில் வந்த வண்டியிலும் முகம் மாறிய வருடத்தில் பானெட் மாறியிருக்கும்.

பானெட்: கழற்றுவது

இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். இடமும் முக்கியம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது திறந்த வெளியில் பானெட்டைத் தூக்கினால் காற்று அடியில் புகுந்து அப்படியே கண்ணாடி மேல் மடக்கிவிடும். மேற்கே சுவர் இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள், ஷெட் இருந்தால் இன்னும் நல்லது.

கண்ணாடியின் அடி ஓரத்திலும் இரண்டு ஃபெண்டர் மூலைகளிலும் தடித்த போர்வையை மடித்துப் போடுங்கள். வைப்பருக்குத் தண்ணீர் போகும் ட்யூப் பானெட்டில் ஓடினால் மெல்ல உருவி விடுங்கள். வெயிலில் காய்ந்த ட்யூப் என்றால் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினால் இளகும். அடியில் இருக்கும் சத்தம் தடுக்கும் பஞ்சு அட்டையின் க்ளிப்புகளையும், புதுப் பானெட்டில் வராத ரப்பர், தண்ணீர் பீய்ச்சும் முனைகள் எல்லாவற்றையும் எடுத்து ஒரு டப்பாவில் போடுங்கள்.

அடுத்து, கீல் பானெட்டில் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு பக்கம், மற்றவர் மறு பக்கம். தோளால் பானெட்டின் மேல் மூலையைத் தாங்கிக்கொண்டு கீழ் போல்ட்டை முதலில், மேல் போல்ட்டைக் கடைசியில் கழற்றுங்கள். பெரும்பாலும் 10 அல்லது 12-ம் நம்பர் ஸ்பேனர்தான். கேஸ் ஷாக் தாங்கும் பானெட்டாக இருந்தால் ஷாக்கை எடுப்பதற்கு முன்பே துணை ஆள் கையில் பிடித்திருக்க வேண்டும். கீலைப் பாடியிலிருந்து கழற்ற வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும். வளைந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

பானெட்: மாட்டிக் கேப் பார்ப்பது

இங்கேதான் பொறுமை வேண்டும். பிரைமரோடு (அடிப்பூச்சு) வந்த பானெட்டை அப்படியே தூக்கி வைத்து, போல்ட்டுகளைக் கையால் முடிந்த அளவு மட்டும் முறுக்குங்கள். லாக்கின் போல்ட்டையும் தளர்த்தி வையுங்கள். லாக் இறுகியிருந்தால் பானெட்டை அது தன் பக்கம் இழுத்து உங்களை ஏமாற்றும்.

மெதுவாக இறக்கிப் பாருங்கள். பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பல வண்டிகளில் அது 3 முதல் 5 மில்லிமீட்டருக்குள் வரும். அளவு பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை. பழைய ஏடிஎம் கார்டு ஒன்றின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர்தான். ஐந்தை அடுக்கி டேப் ஒட்டினால் கிட்டத்தட்ட நாலு மில்லிமீட்டர். அதே அடுக்கை முன்னால், நடுவில், கண்ணாடிப் பக்கம் என்று இரண்டு ஓரத்திலும் நுழைத்துப் பாருங்கள். எங்கே இறுகுகிறது, எங்கே தொளதொளவென்று இருக்கிறது என்பது கைக்கே தெரியும். பானெட் பக்கத்து போல்ட்டைத் தளர்த்தினால் முன்பின் நகர்வும் பக்கவாட்டு நகர்வும், பாடிப் பக்கத்து போல்ட்டைத் தளர்த்தினால் பின் மூலையின் உயரமும் மாறும் என்பது பொதுவான அமைப்பு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நகர்த்துங்கள். இரண்டையும் சேர்த்துத் தொட்டால் எது எதனால் மாறியது என்றே தெரியாமல் போகும்.

இடைவெளி வந்ததும் உயரம். எங்கள் ஊர் டிங்கர் அண்ணன் சொல்வார்: “ஏனுங்க, கண்ணுல பாத்தா வெளிச்சம் ஏமாத்திப்போடுமுங்க. வெரல்ல தடவிப் பாருங்க.” உண்மைதான். கண்ணை மூடிக்கொண்டு ஃபெண்டரிலிருந்து பானெட்டுக்கு விரலை ஓட்டினால் அரை மில்லிமீட்டர் ஏற்றமும் தட்டும். முன் மூலை உயரத்தைச் சரிசெய்வது ஹெட்லைட் அருகே திருகினால் ஏறி இறங்கும் ரப்பர் கட்டைகள்.

கடைசியாக லாக். பானெட்டின் கொக்கி லாக்கின் நடுவில் விழும்படி நகர்த்தி இறுக்குங்கள். ஒரு சாண் உயரத்திலிருந்து பானெட்டை விட்டால் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம் உள்ளிருந்து கேபிளை இழுத்துப் பாருங்கள். பானெட் கொஞ்சம் எழும்பி, இரண்டாவது கொக்கியில் நிற்க வேண்டும். அந்தக் கொக்கி பிடிக்கவில்லை என்றால் வண்டியைத் தெருவுக்குக்கூட எடுக்காதீர்கள். பெருந்துறை தாண்டி சேலம் ரோட்டில் நூறில் போகும்போது பானெட் எழும்பிக் கண்ணாடியை மறைத்தால் ஓட்டுபவருக்கு முன்னால் எதுவுமே தெரியாது.

பெயிண்டுக்கு அனுப்பும் முன்

பெயிண்ட் அடித்தால் மார்க்கர் கோடு அழிந்துவிடும். அதனால் கேப் சரியாக இருக்கும் நிலையிலேயே கீல் வழியாகப் பானெட்டின் அடிச்சட்டத்துக்கு மூன்று மில்லிமீட்டர் ட்ரில்லில் ஒரு சின்னத் துளை போடுவது பழைய டிங்கர்களின் வழக்கம். மேல் தகட்டைத் தொடாதபடி ஆழத்தை அளந்து, ட்ரில் பிட்டில் டேப் சுற்றிக்கொண்டு போடுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தத் துளையில் ட்ரில் பிட்டைச் செருகினால் பானெட் அதே இடத்தில் வந்து நிற்கும். துளை ஓரத்தில் பிரைமர் தொட்டு வைக்க மறக்காதீர்கள். பெயிண்டரிடம் வண்டியின் நிறக் குறியீட்டை (கலர் கோட்) கொடுங்கள், அடிப்பக்கமும் நிறம் அடிக்கச் சொல்லுங்கள். ஓர மடிப்பில் சீலர் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். துரு அங்கேதான் தொடங்கும்.

டிக்கிக் கதவு

வேலை முறை அதேதான். வித்தியாசம் வயரில் இருக்கிறது. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, உள் அட்டையை எடுத்து, நம்பர் ப்ளேட் லைட், லாக், கேமரா ஆகியவற்றின் சாக்கெட்டுகளைப் பிரியுங்கள். வயரை இழுப்பதற்கு முன் அதன் நுனியில் நீளமான நூல் ஒன்றைக் கட்டுங்கள். வயர் வெளியே வரும்போது நூல் கதவுக்குள் போய் நிற்கும். அது போன வழியைப் பார்த்துப் புதுக் கதவிலும் அதே துளைகள் வழியாக நூலை விட்டால், வயரைக் கட்டி இழுத்துவிடலாம்.

செடான் (டிக்கி தனியாக நீண்டிருக்கும்) வண்டியில் டிக்கியைத் தூக்கிப் பிடிப்பது பெரும்பாலும் முறுக்கிய கம்பிகள். அந்தக் கம்பியைத் தொடவே தொடாதீர்கள், விடுபட்டால் கை எலும்பை உடைக்கும். கதவைக் கீலிலிருந்து மட்டும் கழற்றுங்கள். ஹேட்ச்பேக்கின் பின்கதவு கண்ணாடியோடு சேர்ந்து கனமாக இருக்கும். கண்ணாடியைப் பெயர்த்து மாற்றுவது ஒட்டு வேலை, அதைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

மாட்டி முடித்ததும் துணை ஆளை டார்ச்சோடு பின் சீட்டை மடக்கி உள்ளே உட்காரச் சொல்லி, வெளியிலிருந்து ரப்பர் பீடிங்கைச் சுற்றி ஹோஸில் தண்ணீர் விடுங்கள். கசிந்தால் அந்தப் பக்கத்து ரப்பர் கட்டையைக் கொஞ்சம் இறக்கி, லாக்கை இறுக்குங்கள்.

2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த வண்டிகளில் நம்பர் ப்ளேட் உயர் பாதுகாப்பு வகை. பின் ப்ளேட்டை ஸ்நாப் லாக் போட்டுப் பிடித்திருப்பார்கள், கழற்றினால் உடைந்துபோகும், திரும்பப் போட முடியாது. ப்ளேட் டிக்கிக் கதவில் இருக்கும் வண்டி என்றால் புது லாக் போட்டு எங்கே பொருத்தித் தருவார்கள் என்று வேலை தொடங்கும் முன்பே டீலரிடம் கேட்டு வையுங்கள். சாதா ஸ்க்ரூ போட்டு ஓட்ட வேண்டாம்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு கீல் போல்ட்டுகளை ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். கேப்பையும் அதே கார்டு அடுக்கால் சோதித்துவிடுங்கள்.