நகரி மலைக்குக் கல் பார்க்கப் போகுமுன் நூலகத்தில் எதைத் தேடுவது?

ஏகாம்பரகுப்பம், புத்தூர் வழியாக ரயிலில் போகிறவர்கள் நகரி மலையைப் பார்த்திருப்பார்கள். உச்சியில் செங்குத்தாக நிற்பது குவார்ட்சைட், அதாவது மணற்கல் இறுகி உருவான கடினப் பாறை. அதற்குக் கீழே சரிவாகக் கிடப்பது அதைவிட மிகப் பழைய கிரானைட்டும், வரிவரியாக உருமாறிய நைஸ் பாறையும். இரண்டுக்கும் நடுவில் கோடிக்கணக்கான ஆண்டுகளின் கணக்கே இல்லை, அந்தக் காலத்துப் பாறை எதுவும் மிஞ்சவில்லை. இதே இடைவெளி திருமலை மலைப்பாதை ஓரத்தில் வெட்டவெளிச்சமாகத் தெரிவதால், இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது.

மாணவர்களை இங்கே கூட்டிப்போக நினைக்கிற ஆசிரியர், நூலகக் கணினியில் 'நகரி' என்று தட்டுவார். ஒன்றும் வராது. புத்தகங்கள் இருக்கின்றன, ஆனால் வேறு பெயர்களுக்குள் கிடக்கின்றன. அந்தப் பெயர்களைப் பிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை.

முதல் படி: தாள் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

இந்திய நில அளவைத் துறையின் டோப்போ ஷீட் (நிலக்கிடப்பு வரைபடத் தாள்) எண் தெரிந்தால் எந்த நிலவியல் வரைபடத்தையும் கேட்டு வாங்கலாம். யாரையும் கேட்காமல் நீங்களே கணக்கிடலாம். 79 முதல் 80 பாகை கிழக்கு, 13 முதல் 14 பாகை வடக்கு, இந்தச் சதுரத்துக்கு 57 ஓ என்று பெயர். அதைக் குறுக்கே நான்கு, நெடுக்கே நான்கு என்று 16 கட்டங்களாகப் பிரியுங்கள். ஒரு கட்டத்தின் பக்கம் 15 கலை, அதாவது கால் பாகை. எண் போடும்போது மேல் இடது மூலையில் 1 என்று தொடங்கிக் கீழே இறங்க வேண்டும்: 1, 2, 3, 4. பிறகு அடுத்த பத்தியின் மேலிருந்து 5. பலர் குறுக்கே எண்ணிவிட்டு வேறு ஊர் வரைபடத்தோடு வீடு திரும்புவார்கள், கவனம்.

புத்தூரை எடுத்துக்கொள்வோம். கைபேசி வரைபடம் 13.44 வடக்கு, 79.55 கிழக்கு என்று காட்டும். 79.50க்கும் 79.75க்கும் நடுவே என்பதால் மூன்றாவது பத்தி. 13.25க்கும் 13.50க்கும் நடுவே என்பதால் மேலிருந்து மூன்றாவது வரிசை. ஆக 57 ஓ/11. நகரியும் அதே தாள்தான். திருத்தணி 57 ஓ/12, திருப்பதி 57 ஓ/6, சத்தியவேடு 57 ஓ/15. புதிய வரிசைத் தாள்களில் இந்தப் பகுதி டி44 என்று தொடங்கும். நூலகங்களில் பழைய எண்தான் செல்லுபடி.

இரண்டாம் படி: பழைய மாவட்டங்களில் தேடுங்கள்

சித்தூர் மாவட்டம் 1911இல்தான் உண்டானது. அதற்குமுன் இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி வட ஆர்க்காடு. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனது. கல்லை எழுதி வைத்தவர்களோ இதற்கெல்லாம் முந்தியவர்கள். பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பாலாற்றுக்கு வடக்கே உள்ள சென்னை, வட ஆர்க்காடு பகுதிகளின் நிலவியலை 1873இல் வெளியிட்டார். நிலவியல் ஆய்வுத் துறையின் மெமாயர் (விரிவான ஆய்வறிக்கை) வரிசையில் பத்தாம் தொகுதி. அதன் தலைப்பில் வரும் 'தாள் 78' பழைய இந்திய அட்லஸின் எண். மேலே கணக்கிட்ட எண்ணோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நகரி உச்சியின் குவார்ட்சைட் கடப்பா பாறை வரிசையைச் சேர்ந்தது. கடப்பா, கர்நூல் பாறைகளைப் பற்றி வில்லியம் கிங் எழுதியது 1872, அதே வரிசையில் எட்டாம் தொகுதி. அவர் கடப்பாவை ஆங்கிலத்தில் 'கே' எழுத்தில் தொடங்குகிறார், இன்றைய நூல்கள் 'சி'யில். இரண்டையும் தட்டிப் பாருங்கள்.

மூன்றாம் படி: அலமாரி

புத்தகங்களை எண்ணால் பிரிக்கும் டூயி முறை நூலகம் என்றால் இந்திய நிலவியல் 555.4. ரங்கநாதனின் கோலன் முறை என்றால் 'எச்' எழுத்து. மெமாயர்கள் பெரும்பாலும் இரவல் தராத பிரிவில் இருக்கும். சென்னைக்காரர்களுக்குக் கன்னிமாரா, இந்தப் பக்கத்தவர்களுக்குத் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக நூலகம். கையில் கல்லூரி முதல்வரின் கடிதம் ஒன்று இருந்தால் உள்ளே போவது சுலபம்.

நூற்றாண்டு கடந்த மெமாயர்கள் இணைய ஆவணகத்தில் இலவசம். ஆனால் ஸ்கேன் செய்தவர்கள் மடித்த வரைபடத்தைப் பல நேரம் விரிக்காமலே படமெடுத்திருப்பார்கள். வரைபடத்துக்காகவாவது அச்சுப் பிரதியைத் தேடிப்போவது நல்லது. எடுத்ததும் முதலில் பின்னட்டைப் பையைத் திறந்து, அது உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காம் படி: இன்றைய வரைபடம்

ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் பதிவு செய்துகொண்டால் 1:50,000 நிலவியல் வரைபடம் கிடைக்கும். ஒரு சென்டிமீட்டர் என்பது அரை கிலோமீட்டர். ஃபூட்டின் வயதுக் கணிப்புகளை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது, அவர் காலத்தில் கதிரியக்க அளவீடே கிடையாது. வயதுக்கும் பிரிவுப் பெயர்களுக்கும், இந்திய நிலவியல் கழகம் 1987இல் 'புராணா' படுகைகள் (கடப்பா போன்ற மிகப் பழைய படிவுப் பாறைப் பகுதிகள்) குறித்து வெளியிட்ட ஆறாவது மெமாயரைப் பாருங்கள். ஆனால் எந்த ஊருக்குப் பக்கத்தில் எந்தக் கல் என்று சொல்வதில் ஃபூட்டுக்கு ஈடு இல்லை என்பது என் கட்சி.

ஐந்தாம் படி: குறிப்பை வழித்தடமாக்குங்கள்

படிக்கும்போது ஊர், பாறை, பக்க எண் மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு ஊரையும் செயற்கைக்கோள் படத்தில் திறந்து பாருங்கள். பழைய பாறைமுகம் இப்போது குவாரியாகவோ குடியிருப்பாகவோ மாறியிருக்கலாம். மிஞ்சியதில் நாலைந்து இடம் போதும், ஒரு நாளில் அதற்குமேல் மாணவர்கள் எதையும் பார்ப்பதில்லை. குவார்ட்சைட்டுக்குப் புத்தூர் பக்கத்துக் கைலாசகோனா அருவி, கூழாங்கல் பொதிந்த பாறைக்கும் இரும்புச்சத்து மணற்கல்லுக்கும் சத்தியவேடு என்று இரண்டு முனைகளை வைத்துக்கொள்ளலாம்.

செம்மரக் கடத்தலால் சேஷாசலம் காட்டில் கெடுபிடி அதிகம். பாதையை விட்டு உள்ளே போக வனத்துறை அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், விண்ணப்பத்தோடு தாள் எண் குறித்த வரைபட நகலையும் இணையுங்கள். நினைவுச்சின்னம் என்று பலகை வைத்த இடத்தில் சுத்தியல் பைக்குள்ளேயே இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், ஜனவரி பிப்ரவரியில் தேதி வையுங்கள். ஏப்ரலுக்குப் பிறகு அந்தப் பாறையில் கை வைக்க முடியாது.