செயின்சா கார்ப்ரேட்டர்: ஸ்க்ரூவைத் திருப்பிக் கெடுத்துக்கொள்ளும் விதங்கள்

மெஷின் இழுக்கவில்லை என்றதும் கை நேராக, காற்றையும் பெட்ரோலையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கும் கார்ப்ரேட்டரின் ஸ்க்ரூவுக்குப் போகிறது. அங்கேதான் முதல் தவறு. நேற்று வரை நன்றாக அறுத்த செயின்சாவில் ஸ்க்ரூ தானாகத் திரும்பியிருக்காது. வேறு ஏதோ கெட்டிருக்கிறது.

ரப்பர் மரம் அறுக்கும்போது பாலோடு சேர்ந்த தூள் ஏர் ஃபில்டரில் பசைபோல அப்பிக்கொள்ளும். தென்னையில் பறக்கும் நார்த்தூளும் அப்படித்தான். கம்ப்ரஸர் காற்றை வெளிப்பக்கமிருந்து அடித்தால் தூள் இன்னும் உள்ளே போகும். சோப்புத் தண்ணீரில் கழுவி, உள்ளிருந்து வெளியே ஊதி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். அடைத்த ஃபில்டரோடு ஸ்க்ரூவைத் திருப்பி ட்யூன் செய்துவிட்டு பிறகு ஃபில்டரைக் கழுவினால் காற்று கூடும், கலவையில் பெட்ரோல் குறைந்துபோகும்.

பிறகு டேங்குக்குள் கிடக்கும் பெட்ரோல் ஃபில்டர், சைலன்சர் வலையில் படிந்த கரி, பிளக் இடைவெளி (பெரும்பாலான மெஷின்களுக்கு 0.5 மி.மீ.) ஆகியவற்றைப் பாருங்கள். கொஞ்ச நேரம் ஓடி நின்று, டேங்க் மூடியைத் தளர்த்தினால் மறுபடி ஓடுகிறதா? டேங்குக்குக் காற்று போகும் துளை அடைத்திருக்கிறது. சீவலாக விழாமல் மாவாக விழுந்தால் செயின் மழுங்கியிருக்கிறது. இஞ்சினைக் குறை சொல்ல வேண்டாம்.

பெட்ரோலையும் சந்தேகப்படுங்கள். இப்போது பம்பில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். நம் குமரி மாவட்டத்து இரண்டு மழைக்காலத்திலும் கேனில் கிடந்தால் ஈரம் இழுக்கும். கார்ப்ரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயஃப்ரம் விறைத்துப்போகவும் அதுவே வழி. பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். கலவை 50:1 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில், 25:1 என்றால் 40 மில்லி. “கூட ஊத்தினா இஞ்சினுக்கு நல்லது” என்பதும் முழு உண்மை அல்ல. ஆயில் கூடும் அளவுக்குக் கலவையில் பெட்ரோல் குறையும், கரியும் சேரும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் ஸ்க்ரூ டிரைவர். ஸ்க்ரூக்களில் எல் என்றிருப்பது மெதுவான ஓட்டத்துக்கு, ஹெச் முழு ரேஸுக்கு, எல்ஏ அல்லது டி என்றிருப்பது ஐடிலிங் (ரேஸ் கொடுக்காமல் ஓடும்) வேகத்துக்கு. எல், ஹெச் இரண்டையும் வலப்பக்கம் திருப்பினால் பெட்ரோல் குறையும், இடப்பக்கம் திருப்பினால் கூடும். முழுக்க மூடும்போது இறுக்கக் கூடாது. ஸ்க்ரூவின் ஊசி முனையில் பள்ளம் விழுந்தால் அப்புறம் எந்த அளவும் நிற்காது. மெல்ல முட்டும்வரை மூடி, ஒரு சுற்று திறப்பது பல மாடல்களுக்குத் தொடக்க அளவு. உங்கள் மெஷினின் கையேடு வேறு சொன்னால் அதுவே சரி.

குளிர்ந்த இஞ்சினில் ட்யூன் செய்யாதீர்கள். ஐந்து நிமிடம் மரம் அறுத்துச் சூடாக்கிய பின், முதலில் எல். ஐடிலிங் மிக வேகமாகும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து கால் சுற்றுக்குள் இடப்பக்கம் கொண்டு வாருங்கள். ரேஸ் கொடுத்ததும் இஞ்சின் மூச்சடைத்தால் இன்னும் கொஞ்சம் திறக்கலாம். அடுத்து எல்ஏ: இஞ்சின் நிற்காமல் ஓட வேண்டும், செயின் நகரக் கூடாது. எல் சரியில்லாததை எல்ஏவை ஏற்றி மறைப்பது அடிக்கடி நடக்கிறது; அப்போது விரலை எடுத்த பிறகும் செயின் ஓடிக்கொண்டிருக்கும். ஆபத்து.

ஹெச்சில்தான் மெஷின் சாகிறது. மூடிக்கொண்டே போனால் சத்தம் கூர்மையாகும், வேகம் ஏறும், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு ஆயில் வருவதும் பெட்ரோலோடுதான். பெட்ரோல் குறைந்தால் உராய்வும் சூடும் சேர்ந்து ஏறும். பருத்த அடிமரத்தில் நீண்ட அறுப்பு ஒன்று போதும், சைலன்சர் பக்கத்தில் பிஸ்டன் கீறி, பிடித்துவிடும். சரியான ஹெச்சில், மரத்தில் வைக்காமல் முழு ரேஸ் கொடுத்தால் சத்தம் சற்று உடைந்து, கரகரவென்று வரும். மரத்தில் இறங்கியதும் தெளியும். இரண்டு மூன்று நொடிக்கு மேல் அப்படிக் கேட்க வேண்டாம். ஆர்பிஎம் மீட்டர் இருந்தால் கையேட்டு எண்ணைத் தாண்டவே கூடாது. செயின் பிரேக் போட்டபடி ரேஸ் கொடுத்தால் கிளச் கருகும். செயினும் அது சுற்றி ஓடும் பாரும் கழற்றிய மெஷினில் ஹெச்சை ட்யூன் செய்யவே வேண்டாம்.

எவ்வளவு திறந்தும் ஐடிலிங் ஏறி இறங்கினால், விரலை எடுத்தும் வேகம் உடனே விழாவிட்டால், எங்கோ காற்று கசிகிறது: கார்ப்ரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவேயுள்ள ரப்பர் வெடித்திருக்கலாம், கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்திருக்கலாம். அதை ஸ்க்ரூ சரிசெய்யாது. பிரஷர் டெஸ்ட் செய்யத் தெரிந்த பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

மலைத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. உயரத்தில் காற்று இளகியிருப்பதால் கீழே வைத்த ட்யூனிங்கில் பெட்ரோல் கூடி, புகை வரும். மாறாமலை உச்சியில் ஹெச்சை மூடிச் சரிசெய்தவர்கள், அதே மெஷினோடு கீரிப்பாறைக்கு இறங்கி வேலை தொடங்கும் முன் அதைத் திரும்பத் திறந்தாக வேண்டும்.