கிணற்று மோட்டாரைத் தூக்கிய கதை

எங்கள் கிணறு 40 அடி. உள்ளே கிடக்கும் மோட்டார் குழாயோடு சேர்த்து 80 கிலோ வரும். போன முறை ஒற்றைக் கப்பி போட்டு இரண்டு பேர் இழுத்தோம். பாதியில் கயிறு சக்கரத்தை விட்டு நழுவி, பக்கத் தகட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. பழைய தேங்காய்நார் வடத்துக்கான கப்பி அது. அதில் 10 மி.மீ. நைலானைப் போட்டது என் தப்புதான்.

மேலே நிலையாக நிற்கும் கப்பி எடையைக் குறைக்காது, இழுக்கும் திசையைத்தான் மாற்றும். சொல்லப்போனால் அது தொங்கும் சட்டத்துக்கு 160 கிலோ சுமை: மோட்டார் 80, நாம் இழுப்பது 80. முதலில் எனக்கே இது உறைக்கவில்லை.

இந்த முறை மேலே ஒரு இரட்டைக் கப்பி (இரண்டு சக்கரம் கொண்டது), மோட்டார் பக்கம் இன்னொரு இரட்டைக் கப்பி. சுமையை நாலு கயிறு தாங்குகிறது. கணக்குப்படி 20 கிலோ இழுத்தால் போதும். உரசலில் 25-க்கு மேல் போனது. சட்டத்துக்கும் சுமார் 105 கிலோதான். ஆனால் மோட்டார் ஒரு அடி ஏற நாலு அடி இழுக்க வேண்டும், 200 அடிக் கயிறு வாங்கினேன். நைலான் ரப்பர் மாதிரி இழுபடும், அதனால் 12 மி.மீ. பாலியஸ்டர். சக்கரத்தின் விட்டம் கயிற்றின் தடிமனைப் போல எட்டு மடங்கு, பேரிங் வைத்தது.

மோட்டாருக்குத் தனியாக ஒரு காப்புக் கயிறும் கட்டி, ஏற ஏறத் தூணில் சுற்றிக்கொண்டே வந்தோம். தனியாளாகவே இழுத்துவிட்டேன், தம்பி தூணருகே நின்றான்.