பவர் பிஐ-யில் வாடிக்கையாளர் வாங்கும் பழக்கத்தைக் கண்டறிவது எப்படி?

மைக்ரோசாஃப்டின் தரவு ஆய்வு மென்பொருளான பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம். விண்டோஸில் மட்டும் ஓடும். பழகுவதற்கு யுசிஐ (கலிபோர்னியா பல்கலைக்கழகம், இர்வின்) தரவுக் களஞ்சியத்தில் உள்ள 'ஆன்லைன் ரீடெய்ல்' எக்செல் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். பிரிட்டனில் பரிசுப்பொருள் விற்கும் ஒரு ஆன்லைன் கடையின் கணக்கு அது: 2010 டிசம்பர் 1 முதல் 2011 டிசம்பர் 9 வரை, 5,41,909 வரிகள். ஒவ்வொரு வாடிக்கையாளரும் கடைசியாக எப்போது வாங்கினார், எத்தனை முறை, எவ்வளவுக்கு என்ற மூன்றையும் எடுக்கப்போகிறோம்.

படி 1: கோப்பைத் தேர்ந்தெடுத்ததும் 'லோட்' வேண்டாம், 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' கொடுங்கள். இன்வாய்ஸ் எண், கஸ்டமர் ஐடி இரண்டையும் டெக்ஸ்ட் ஆக்குங்கள். எண்ணாக விட்டால் 'சி' (C) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் இன்வாய்ஸ்கள் எரர் காட்டும். தேதியில் ஒட்டியிருக்கும் நேரத்தையும் எடுத்துவிடுங்கள்.

படி 2: கஸ்டமர் ஐடி இல்லாத வரிகளை ஃபில்டர் செய்யுங்கள். 1,35,080 வரிகள், அதாவது கால்வாசி, போய்விடும். எனவே கடையின் மொத்த விற்பனையை இந்த அட்டவணையிலிருந்து சொல்லக்கூடாது.

படி 3: அளவை விலையால் பெருக்கி 'தொகை' என்று புதிய நெடுவரிசை சேருங்கள்.

படி 4: கவனம் தேவைப்படுவது இங்கேதான். 'சி' என்றால் ரத்தான பில். பலர் அவற்றை அப்படியே அழித்துவிடுகிறார்கள். 12346 என்ற வாடிக்கையாளரைப் பாருங்கள்: 2011 ஜனவரி 18 அன்று 74,215 உருப்படிகள், 77,183.60 பவுண்டு. கால் மணி நேரத்தில் முழுவதும் ரத்து. 'சி' வரிகளை அழித்தால், ஒரு காசும் நிகரமாகத் தராத இவர் பெரிய வாடிக்கையாளர் வரிசையில் வந்து உட்காருவார். ஆகவே ரத்து தொகையில் கழியட்டும். எண்ணிக்கையிலும் தேதியிலும் மட்டும் சேரக்கூடாது. 'கண்டிஷனல்' (நிபந்தனை) நெடுவரிசை இரண்டு போடுங்கள்: ஒன்றில், இன்வாய்ஸ் எண் 'சி'யில் தொடங்கினால் 0, இல்லையேல் 1; மற்றொன்றில், 'சி'யில் தொடங்கினால் காலி, இல்லையேல் பில் தேதி. எண், தேதி என்று வகையும் கொடுங்கள்.

படி 5: வரிகளைத் தொகுக்கும் 'குரூப் பை' இரண்டு முறை. முதலில் கஸ்டமர் ஐடி, இன்வாய்ஸ் எண் இரண்டையும் வைத்து: தொகைக்கு 'சம்' (கூட்டல்), மற்ற இரண்டுக்கும் 'மேக்ஸ்' (அதிகபட்சம்). பிறகு கஸ்டமர் ஐடி மட்டும்: தொகைக்கும் 0/1-க்கும் 'சம்', தேதிக்கு 'மேக்ஸ்'. ஒரே முறையில் முடித்தால் பில்லுக்குப் பதில் பொருள் வரிகளை எண்ணிவிடும். ஒரே பில்லில் இருபது பொருள் வாங்கியவர் இருபது முறை வந்தவராகத் தெரிவார். தேதி காலியாக வருபவர்களை நீக்குங்கள்.

படி 6: 2011 டிசம்பர் 10-லிருந்து கடைசித் தேதியைக் கழித்து நாட்களாக்குங்கள். இன்றைய தேதியிலிருந்து கழித்தால் எல்லாரும் பல ஆண்டுகளாக வராதவர்களாகிவிடுவார்கள்.

படி 7: நாட்களை 30 வரை, 31–90, அதற்கு மேல் என்றும், பில்களை 1, 2–4, 5 அல்லது அதற்கு மேல் என்றும் பிரித்து, 'மேட்ரிக்ஸ்' என்ற குறுக்கு அட்டவணையில் ஒன்றை வரிசையிலும் மற்றதை நெடுவரிசையிலும் வையுங்கள். ஐந்தோ அதற்கு மேலோ பில் போட்டு 90 நாளுக்கு மேல் வராதவர்கள் விழும் கட்டத்தை முதலில் பாருங்கள்; திரும்ப அழைக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். தொகைக்கு சராசரியை விட மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) நல்லது. இந்தக் கடையில் மொத்த வியாபாரிகளும் வாங்குவதால் சராசரி மேலே இழுபட்டுவிடும்.

மாதவாரி வரைபடமும் போடுவதாக இருந்தால் 2011 டிசம்பரை விட்டுவிடுங்கள். அதில் ஒன்பது நாள் கணக்குதான் இருக்கிறது. கோடு சரிவதைப் பார்த்து விற்பனை விழுந்துவிட்டது என்று நினைத்துவிடக்கூடாது.