கதையின் முடிவை முதலில் படியுங்கள்

குழந்தை பொய் சொன்னதும் பலரும் எடுத்துவிடுவது, ஓநாய் வருகிறது என்று கூவி ஊரை ஏமாற்றிய இடையன் கதையை. அதில் பெரிய பலன் இல்லை. 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2014இல் வெளியான கனடா ஆய்வில், அந்தக் கதையைக் கேட்டவர்களும், பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பொம்மை பினோக்கியோவின் கதையைக் கேட்டவர்களும் பொய்யைக் குறைத்துக்கொள்ளவில்லை. செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு தந்தையின் பாராட்டைப் பெற்ற சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன், அதாவது பின்னாளில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியானவர், அவர் கதைதான் பலித்தது. (அதுவே ஒரு கட்டுக்கதை என்பது தனி வேடிக்கை!)

ஆகவே நாயகன் உண்மை சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். திட்டு வாங்கினால் அந்தப் புத்தகத்தைத் தள்ளி வையுங்கள்.

படம் என்றால், நாயகன் தடுமாறும் இடத்தில் நிறுத்துங்கள். உடைந்த ஜாடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறான், கதவு திறக்கிறது. "இப்போது அவனுக்கு எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பரவாயில்லை, படத்தை ஓடவிடுங்கள். "இதிலிருந்து என்ன கற்றாய்?" என்ற பரீட்சைக் கேள்வி மட்டும் வேண்டவே வேண்டாம். அதைக் கேட்டால் எனக்கே கொட்டாவி வரும்.

இன்னொன்று, பகிர்ந்துகொள்ளும் பழக்கத்துக்கு மனிதப் பாத்திரங்கள் வரும் கதையே மேல். 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த மற்றோர் ஆய்வில், ஒரே கதையை விலங்குகளை வைத்துச் சொன்னபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. முயலையும் கரடியையும் சிரிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.