அம்மாவின் நினைவு மலரைத் தொகுப்பது எப்படி?

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் மறைந்தால், 31ஆம் நாள் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் ஆகிய கிரியைகள் நடக்கும்போது, வந்தவர்கள் கையில் ஒரு சிறு நூலைக் கொடுப்பது வழக்கம். அதை நினைவு மலர் என்கிறோம். மூத்தவர்கள் இன்றும் கல்வெட்டு என்பார்கள். எங்கள் அம்மாவுக்காக நாங்கள் இரண்டு மலர்கள் வெளியிட்டோம். 31ஆம் நாளுக்காக அவசரமாகச் செய்த முதலாவதில் அம்மா அன்பின் உறைவிடமாகவும் பாசத்தின் சிகரமாகவும் இருந்தார். பெயரை மட்டும் மாற்றி வேறொரு தாயாருக்கு அச்சிட்டிருந்தாலும் அதில் ஒரு வரியும் பிழையாகியிருக்காது. அந்தக் குறை மனத்தை அரித்ததால், ஓராண்டு நிறைவில் வரும் ஆட்டைத் திவசத்துக்கு இரண்டாவதைத் தொகுத்தோம். அந்த வேலையில் கற்றுக்கொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

முதற்கிழமையில் எதையும் எழுத வேண்டாம், கேளுங்கள். அம்மாவின் கூடப்பிறந்தவர்கள், மச்சாள்மார், பள்ளித் தோழிகள், அயலவர் எல்லோரும் ஒரே வீட்டில் கூடியிருக்கும் நாள்கள் அவை. பின்னர் அப்படிக் கூடுவது அரிது. அவர்களுடைய சம்மதத்துடன் கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். "அம்மா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "நல்ல மனுசி" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். "அம்மாவோடு எங்கே நடந்து போனீர்கள், அவர் கையால் கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், எதற்காக உங்களோடு கோபித்தார்?" என்று கேட்டால், சொல்பவரின் கண்முன்னே ஒரு நாள் முழுதாக வந்து நிற்கும். கோபத்தைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம். எங்கள் அம்மாவின் நேர்மையைப் பற்றி நாங்கள் அறிந்தவற்றுள் பாதி அவருடைய கோபங்களின் கதைகளிலிருந்தே கிடைத்தது.

அடுத்து அவருடைய எழுத்தைத் தேடுங்கள். சீட்டுப் பிடித்த கணக்குக் கொப்பி, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு எழுதிய நீல நிற ஏரோகிராம் கடிதங்கள், நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் குறித்த பால்கணக்கு ஆகிய எதையும் குப்பை என்று தள்ளிவிடாதீர்கள். அவற்றில் ஒரு பக்கத்தையாவது அவருடைய கையெழுத்திலேயே மலரில் சேருங்கள். பழைய சிறிய படங்களையும் கையெழுத்தையும் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்வது நல்லது. படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். கோப்பாக இணைத்து அனுப்பும்படி உறவினரிடம் சொல்லுங்கள்.

திதி வெண்பாவில் மிகுந்த கவனம் தேவை. இறந்த ஆண்டு, மாதம், பட்சம் (வளர்பிறையா தேய்பிறையா என்பது), திதி (பிறைநாள்) ஆகியவற்றை நான்கு அடிகளில் பதித்து வைக்கும் இந்த வெண்பாவைப் பார்த்துத்தான் பேரப்பிள்ளைகள் பிற்காலத்தில் திவச நாளை அறிவார்கள். திதி நள்ளிரவில் மாறுவதன்று. பகலிலோ இரவிலோ எந்த நேரத்திலும் மாறக்கூடியது. ஆகவே தேதி மட்டும் போதாது, உயிர் பிரிந்த நேரமும் வேண்டும். அம்மா வெளிநாட்டில் காலமானால், அந்த ஊர் நேரத்தை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பது பெரும்பிழையில் முடியலாம். ரொறன்ரோவில் மாரிக்கால இரவு 8 மணி என்பது யாழ்ப்பாணத்தில் மறுநாட் காலை 6.30 மணி, கோடையில் இந்த இடைவெளி ஒன்பதரை மணித்தியாலமாகக் குறையும். நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றிய பின்னரே பஞ்சாங்கத்தைத் திறவுங்கள். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சில நாள்களில் வேறுபடும் என்பதால், உங்கள் குடும்பம் எதைப் பின்பற்றுகிறது என்பதைக் கிரியை செய்த குருக்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே வெண்பா எழுதுபவரிடம் விவரத்தைக் கொடுங்கள்.

குடிவழியை எழுதும்போது பெண்களின் பெயர்கள் விடுபடாமல் பாருங்கள். பல மலர்களில் பாட்டனாரின் பாட்டனார் வரை ஆண்களின் பெயர்கள் இருக்கும். அம்மாவைப் பெற்றவளின் பெயரோ "மனைவி" என்ற ஒரு சொல்லுக்குள் மறைந்திருக்கும். எங்கள் பக்கத்தில் வீடு பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாக வருவது. ஆகவே வீட்டின் வழியைப் பிடித்துக்கொண்டு போனால் பெண்வழி தானாகத் தெரியவரும்; பழைய காணி உறுதிகளில் அந்தப் பெயர்கள் இருக்கும்.

பிள்ளைகள் எழுதும் பகுதிதான் மலரின் உயிர். ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதட்டும். அம்மாவிடமிருந்து தமக்குள் வந்து தங்கிவிட்ட ஒரு பழக்கத்தை மட்டும் எழுதட்டும். என் தங்கை தூர தேசத்தில் குளிர்சாதனப் பெட்டியும் மின்னடுப்பும் உள்ள சமையலறையில் நின்றுகொண்டு, உலை வைக்குமுன் இன்றும் ஒரு பிடி அரிசியைத் தனிப் பேணியில் போட்டு வைக்கிறாள். அம்மா பிடியரிசி சேர்த்துக் கோயிலுக்குக் கொடுத்தவர். தங்கை அந்த அரிசிக்கு ஈடான பணத்தை ஊரில் ஒரு பிள்ளையின் படிப்புக்கு அனுப்புகிறாள். அவள் அதை எட்டு வரிகளில் எழுதினாள். இரண்டு மலர்களிலும் அதற்கு ஈடான பக்கம் வேறில்லை.

சமையற் குறிப்புச் சேர்ப்பதானால் அம்மாவின் அளவுகளையே வையுங்கள். ஒடியற் கூழுக்கு அவர் ஒரு சுண்டு (அளக்கும் சிறு பேணி) என்று சொல்லியிருந்தால் அதைக் கிராமாக மாற்ற வேண்டாம். வேண்டுமானால் அவருடைய சுண்டின் படத்தைப் பக்கத்தில் போடுங்கள்.

தேவார திருவாசகங்களைத் தெரிவு செய்வதில் சிரமமில்லை. அம்மா நாள்தோறும் ஓதியவற்றை முதலில் வைத்து, பட்டினத்தார் தம் தாய்க்குத் தீமூட்டியபோது பாடிய பாடல்களையும் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் கம்பி தைக்கும் நூலுக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதை அச்சகத்துக்குப் போகுமுன்பே கணக்கிடுங்கள். அச்சுக்கு முன் பிழை பார்க்கும் மெய்ப்பைக் குடும்பத்துக்கு வெளியே ஒருவரும் படிக்கட்டும். துயரத்தில் இருப்பவர் கண்ணுக்குப் பிழை தெரியாது.

அச்சிட்ட பின் ஒரு பிரதியை "நூலகம்" என்ற எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்கலாம். 2005இல் தொடங்கிய அந்த இணைய நூலகத்தில் இத்தகைய நினைவு மலர்கள் பல சேர்ந்துள்ளன. ஊர் வரலாறு தேடுவோருக்கு அவை பயன்படுகின்றன. எவரும் படிக்கக்கூடிய இடம் என்பதால், உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதிகளும் முகவரிகளும் மலரில் இடம்பெறாமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி இரண்டு பக்கங்களை வெறுமையாக விடுங்கள். ஆட்டைத் திவசத்தன்று ஒரு பிரதியைப் பேனாவோடு விறாந்தையில் வைத்து, விரும்பியவர்களை எழுதச் சொன்னோம். பக்கத்து வளவு ஆச்சி எழுத்துக்கூட்டி ஒரே வரி எழுதியிருந்தார்: "உங்கட அம்மா விடிய கிணத்தில தண்ணி அள்ளேக்க பாடுவா." பிள்ளைகள் நால்வரில் ஒருவரும் அம்மா பாடிக் கேட்டதில்லை. என்ன பாட்டு என்று ஆச்சியிடம் கேட்டோம். அவர் நினைவிலிருந்து இரண்டு அடிகளைச் சொன்னார். தங்கை அவற்றை அந்த வரிக்குக் கீழே எழுதி வைத்தாள்.